மெட்டி விரலும் முதல் கிளைம்பிங் ஷூவும்

என் இடது கால் பெருவிரல் நகத்தின் நுனியில் இன்னும் ஒரு நெல்லளவு கறுப்பு பாக்கி இருக்கிறது. பதினான்கு மாதமாக அது மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கைவிரல் நகம் ஐந்தாறு மாதத்தில் முழுதாக முளைத்துவிடும். கால் பெருவிரல் நகத்துக்கு ஒரு வருடம் ஆகும், ஒன்றரை வருடம்கூட ஆகும். கிளைம்பிங் என்றால் சுவரில் பொருத்திய பிடிகளைப் பற்றி ஏறும் விளையாட்டு. அதற்கென்று நான் வாங்கிய முதல் ஷூ விட்டுவிட்டுப் போன கன்றல் அது. அந்த ஷூவை எப்போதோ விற்றுவிட்டேன். ஆனால் அதை வாங்கியபோது கேட்ட ஒரு பேச்சு மட்டும் இன்னும் மனதுக்குள் கிடந்து உறுத்துகிறது. "வலிக்கலைன்னா அது கிளைம்பிங் ஷூவே இல்லக்கா."

சொன்னவன் நல்ல பையன். இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், எங்கள் ஜிம்மில் வி6 என்ற கடினநிலைப் பாதைகளை ஏறுகிறவன். நான் கீழே விழுந்தால் முதலில் ஓடிவந்து பார்ப்பவனும் அவன்தான். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவனுக்கு முன்னால் ஏறியவர்கள் அவனிடம் சொன்னதை அவன் என்னிடம் சொன்னான். அதை ஒரு கேள்விகூடக் கேட்காமல் நான் ஏன் வாங்கிக்கொண்டேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, பல்லி மாதிரி ஏறுகிறார்களே என்று வியந்ததோடு சரி. எனக்கும் அதற்கும் சம்பந்தம் வரும் என்று நினைக்கவில்லை. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அலுவலகத் தோழிகள் இரண்டு பேர் பெண்டமியர் பக்கத்தில் இருந்த ஒரு ஜிம்முக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போது 38 வயது. சுவரின் உச்சிப் பிடியை இரண்டு கையாலும் தொட்ட நொடியில் நினைவுக்கு வந்தது, மன்னார்குடியில் எங்கள் கொல்லையில் நின்ற கொய்யாமரம். பதின்மூன்று வயது வரை அதன் உச்சிக்கொம்பு என் இடம். வயதுக்கு வந்த அன்றோடு அந்த மரம் எனக்கு இல்லை என்றாகிவிட்டது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. "இனிமே ஏறக் கூடாதும்மா" என்று ஆத்தா சொன்னார், அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் கழித்து உள்ளங்கை எரிய எரிய மறுபடி உயரத்தில் தொங்கியபோது, இதை இனி விடக் கூடாது என்று தோன்றிவிட்டது. ஷூ விஷயத்தில் நான் அவசரப்பட்டதற்கு அந்த ஆசையும் ஒரு காரணம். நான் பொழுதுபோக்க வந்தவள் இல்லை என்று யாரிடமோ காட்ட வேண்டியிருந்தது.

நாலு மாத வாடகை

வாடகை ஷூவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ கால்கள் நுழைந்து வெளியேறும். அதைத் தாங்க வேண்டுமென்று தடித்த ரப்பரும் தட்டையான அடியுமாகச் செய்திருப்பார்கள். முதல் ஒன்றிரண்டு மாதத்துக்கு அதுவே போதும், அதற்குள் சொந்தமாக வாங்க வேண்டாம் என்றுதான் யார் கேட்டாலும் சொல்வேன். முதல் மாதத்தில் முன்கை வலிக்கும், விரல் தோல் உரியும், காலைப் பற்றிய நினைப்பே வராது. மூன்றாம் மாதம் வாக்கில்தான் கால் பேச ஆரம்பித்தது. சின்னப் பிடியில் பெருவிரலை வைத்தால் உள்ளே கால் ஒரு பக்கம் திரும்பும், ஷூ வேறு பக்கம் நிற்கும். குதிகாலைக் கொக்கி மாதிரி ஒரு பிடிமேல் மாட்டி இழுத்தால் ஷூ கழன்றுவரும். தடவைக்கு ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து சிங்கப்பூர் டாலர் வாடகை, வாரம் இரண்டு முறை. நாலு மாதத்தில் கணக்குப் பார்த்தபோது 170 வெள்ளி போயிருந்தது. அதற்கு ஒரு நல்ல தொடக்கநிலை ஷூவே வந்திருக்கும்.

கிளைம்பிங் ஷூ இறுக்கமாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. சுவரில் நிற்பது பாதத்தால் அல்ல, பெருவிரலின் உள்விளிம்பால். அந்த விரலுக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் இடைவெளி இருந்தால்கூட, உடம்பின் பாரம் பிடியில் இறங்காமல் அந்தக் காற்றில் போய்விடும். அதனால்தான் குதிகாலைச் சுற்றி ரப்பர் பட்டையை இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். அது பாதத்தை எப்போதும் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். முன்பக்கம் சரிந்த சுவர்களுக்கென்று செய்த ஷூக்களில் முனை கிளிமூக்கு மாதிரி கீழே வளைந்திருக்கும். தலைக்குமேல் கூரைபோல் தொங்கும் சுவரில் காலைப் பிடியில் மாட்டி இழுக்க அந்த வளைவு வேண்டும். நேர்ச்சுவரிலும், பின்னால் சாய்ந்த சுவரிலும் பெரிய பெரிய பிடிகளில் ஏறிக்கொண்டிருந்த எனக்கு அது எதற்கும் தேவைப்படவில்லை. ஆனால் நான் வாங்கியது அதைத்தான்.

ஒரு சனிக்கிழமை காலை, கடை திறந்த கையோடு அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைத்தொகுதி முழுக்கக் குளிர்சாதனம். காலையில் எழுந்து எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்தே வந்த கால். நான் வெளியில் போடும் ஷூ 39. அவன் 37 எடுக்கச் சொன்னான். பெண்களுக்கான அலமாரியிலிருந்து வளைந்த முனையுள்ள ஒன்றை எடுத்துத் தந்தார்கள். விரல்கள் ஐந்தும் மடங்கி, கணுக்கள் மேல்தோலில் முட்டிக்கொண்டு நின்றன. எழுந்து நின்றபோது கண்ணில் நீர் கட்டியது. "இறுக்கமா இருக்கா?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். நல்லது என்றார்கள். போகப் போகத் தளர்ந்துவிடும் என்றார்கள். 259 வெள்ளி கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. மெட்டியைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டு வருடமாக அந்த விரலில் இருந்தது. அது தனி என்றே நினைப்பதில்லை.

வளையல்காரர் பிடித்த கை

சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஒரு வளையல்காரர் வருவார். கண்ணாடி வளையல்களைச் சரம் சரமாகக் கோத்துத் தோளில் போட்டிருப்பார். பொங்கலுக்கு முன்னால் அம்மா என்னை அவர் முன்னால் உட்காரவைப்பார். அவர் என் கையை வாங்கி, சோப்பு நுரையைத் தடவி, கட்டைவிரல் எலும்பை உள்ளே அமுக்கி, ஒரு சுற்று சிறிய வளையலை மெல்ல உருட்டி ஏற்றுவார். எலும்பு நொறுங்குகிற மாதிரி இருக்கும். அழுதால் சுற்றியிருக்கும் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள், "இறுக்கமா இருந்தாத்தாண்டி அழகு, பெருசாப் போட்டா கழண்டு விழுந்துரும்." வளையல் ஏறியதும் கை சிவந்து போயிருக்கும். வலியைப் பொறுத்துக்கொண்டதற்காக என்னைப் பாராட்டுவார்கள். காது குத்தியபோதும் அப்படித்தான், மூக்குக் குத்தியபோதும் அப்படித்தான். வலி என்றால் ஒன்று சரியாக நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் வாயால் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கடையில் 37ஆம் எண் ஷூவுக்குள் காலைத் திணித்தபோது என் உடம்புக்கு அது தெரிந்திருந்தது. அந்தப் பையன் சொன்னது எனக்குப் புதிதாகப் படவே இல்லை. ஏற்கெனவே கேட்ட பேச்சு மாதிரி இருந்தது.

என் காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பக்கம் விசிறிபோல் அகன்ற கால் எனக்கு. பள்ளிக்கூடம் தவிர வேறெங்கும் செருப்புப் போடாமல் வளர்ந்தவள். பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். அப்படி இருந்தால் புருஷனை அடக்கி ஆள்வாள் என்று ஊரில் சொல்வார்கள். பெண் பார்க்க வந்த நாளில் ஒரு பெரியம்மா என் முகத்தைவிடக் காலைத்தான் அதிக நேரம் பார்த்தார். அதனால் எனக்கு என் கால்மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு கூச்சம். பிறகுதான் ஒரு விஷயம் படித்தேன். 1992இல் வெளியான ஓர் ஆய்வுக்காகத் தென்னிந்தியாவில் இரண்டு எலும்பு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் கால்தடங்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப்பாதம் இருந்ததாம், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்குத்தான் இருந்ததாம். வெறுங்காலாக வளர்ந்த பாதத்துக்கு என்று ஒரு பலம் இருக்கிறது. ஆனால் நான் வாங்கிய ஷூ அந்த மாதிரிப் பாதத்தை மனதில் வைத்துச் செய்ததில்லை. பாரம் முழுதும் பெருவிரலில் குவியும்படி, ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராக முடிகிற அச்சு அது. அதற்குள் என் நீளமான இரண்டாம் விரல் இரண்டாக மடிந்து கிடந்தது, அதுவும் ஒரு வெள்ளி வளையத்தோடு.

ஆறு வாரம் போட்டேன். அந்த ஆறு வாரத்தில் என்ன நடந்தது என்பதை இன்றைக்குத்தான் தெளிவாகச் சொல்ல முடிகிறது. நான் காலில் நிற்பதை நிறுத்திவிட்டேன். பிடியில் கால் வைத்ததும் குத்தும் என்று தெரிந்தால் யார் அதன்மேல் பாரத்தை இறக்குவார்கள்? கால் நுனியால் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு கையால் இழுத்து இழுத்து ஏறினேன். முழங்கை நரம்பு சுண்டி இழுக்கத் தொடங்கியது. வாடகை ஷூவில் சுலபமாக ஏறிய சாய்சுவர்ப் பாதைகளில்கூட வழுக்கி விழுந்தேன். புதிதாக ஏறுபவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடமே காலை நம்புவதுதான். அந்த ஷூ எனக்கு அதற்கு நேர் எதிரானதைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது. எனக்கோ இன்னும் பலம் போதவில்லை என்று நினைப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஷூவைக் கழற்றியபோது பெருவிரல் நகம் கருநீலமாக இருந்தது. பக்கத்து விரல் கத்தரிப்பிஞ்சு மாதிரி வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. தேங்காய் எண்ணெய், சோப்பு, நூலைச் சுற்றி இழுப்பது என்று எல்லாம் செய்து பார்த்தேன். ஐஸ் கட்டியில் அரைமணி நேரம் வைத்துப் பார்த்தேன். வரவில்லை.

பட்டறையில் ஒரு மாலை

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு சிராங்கூன் சாலைக்குப் போனேன். பெரிய நகைக்கடை ஒன்றில் கேட்டபோது, பின்பக்கத் தெருவில் மாடியில் ஒரு ஆசாரி இருக்கிறார், அவரிடம் போங்கள் என்றார்கள். குறுகலான படி. ஒரே அறை. ஒரு மேசை, ஊதுகுழல், சின்னச் சின்ன இடுக்கிகள். எழுபதுக்குப் பக்கத்தில் வயதிருக்கும். என் காலைப் பார்த்ததும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் துண்டை விரித்து, "வைங்கம்மா" என்றார். கூச்சமாக இருந்தது. அவ்வளவு வயதானவர் முன்னால் காலை நீட்டி உட்காருவது எப்படி? "பரவாயில்ல, என் தொழில் அது" என்றார்.

"அடிபட்டுச்சா?"

"ஷூ கடிச்சிருச்சு ஐயா."

"கடிச்சா கழட்டிப் போட்டுற வேண்டியதுதானே?"

"இது சுவர்ல ஏற்ற ஷூ. இறுக்கமாத்தான் இருக்கணுமாம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மெல்லிய தகடு ஒன்றை வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே செருகினார். அது உள்ளே போகவே ஐந்து நிமிடம் ஆனது. பிறகு வாள்போன்ற ஒரு நூலிழை அரத்தால் மெட்டியை அறுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் நின்று என் முகத்தைப் பார்த்தார். அறுந்ததும் இரண்டு இடுக்கியால் பிரித்து எடுத்துத் துண்டின்மேல் வைத்தார். விரலைச் சுற்றிப் பள்ளமாக ஒரு வெள்ளைக் கோடு, பன்னிரண்டு வருடத்துக் கோடு. எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் இல்லை. அவர் எழுந்து ஜன்னலோரம் போய் அங்கிருந்த எதையோ எடுத்துவைக்கிற மாதிரி நின்றுகொண்டார்.

திரும்பி வந்து, புதிதாக வேண்டுமா, இதையே ஒட்டித் தரட்டுமா என்று கேட்டார். இதையே என்றேன். அளவு பார்த்துச் செய்யுங்கள் என்று காலை மறுபடி நீட்டினேன். அப்போதுதான் அவர் சொன்னார், "இன்னிக்கு வேணாம். வீக்கம் வடியட்டும். ஒரு வாரம் கழிச்சு சாயங்காலமா வாங்க. காலைல வராதீங்க." ஏன் என்று கேட்டேன். "காலைல எடுத்த அளவுக்குச் செஞ்சா சாயங்காலம் கடிக்கும்மா. விரல் நாள்பூரா ஒரே மாதிரி இருக்காது. நடந்து, நின்னு, வெயில்ல போய்ட்டு வந்த விரலுக்குத்தான் அளவு எடுக்கணும்." அவர் தொழிலுக்கு அது முதல் பாடமாக இருக்க வேண்டும், அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பிறகு மேசையில் கிடந்த அளவு வளையக் கொத்தை எடுத்து, என் வலது கால் விரலில் ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஆட்டிப் பார்த்தார். நழுவவில்லை. வலிக்கவும் இல்லை. "இதான் இறுக்கம். நழுவாம இருந்தாப் போதும். கடிக்குதுன்னா அது இறுக்கம் இல்ல, அளவு தப்பு." நான் கடையில் எண் பார்த்து வாங்கியதைச் சொன்னேன். "எண் கடைக்காரனோடது, விரல் உங்களோடது" என்றார்.

கூலி பத்து வெள்ளி. இன்னும் பத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. தேக்கா சந்தைக்கு எதிரே ஒரு காப்பிக்கடையில் செருப்பை அரைகுறையாக மாட்டிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நழுவாமல் இருப்பதும் கடிப்பதும் வேறு வேறு என்பது ஒரு பெரிய கண்டுபிடிப்பா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் முப்பத்தெட்டு வயது வரை அவை இரண்டையும் நான் ஒன்றாகவே வைத்திருந்தேன்.

இரண்டாம் தடவை

அதன் பிறகுதான் "வலிக்கலைன்னா அது கிளைம்பிங் ஷூவே இல்ல" என்ற அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். ஒரு காலத்தில் அது சரியாகத்தான் இருந்திருக்கிறது. உள்ளே துணி தைக்காத பதனிட்ட தோலில் செய்த ஷூக்கள் போடப் போட நெகிழும், ஒரு எண் அளவுக்குக்கூட விரியும். லா ஸ்போர்ட்டிவா நிறுவனம் 1991இல் கொண்டுவந்த மிதோஸ் அப்படிப்பட்ட தோல் ஷூதான், இன்றும் அதை விரும்பிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விரியும் என்று தெரிந்தே சிறியதாக வாங்கினார்கள், சில வாரத்தில் அது காலோடு அமைந்துவிட்டது. இன்றைய ஷூக்கள் பலவற்றில் மேல்பாகம் செயற்கை இழை, அதைச் சுற்றிலும் இழுத்து ஒட்டிய ரப்பர். அவை அந்த அளவு நெகிழாது. தோல் போய்விட்டது, தோலுக்குச் சொன்ன அறிவுரை மட்டும் தங்கிவிட்டது. இத்தனைக்கும் மலையேறிகளின் காலணி வரலாறே காலைக் காக்கப் புறப்பட்ட வரலாறு. 1935இல் ஆல்ப்ஸில் பொருத்தமில்லாத காலணியால் தன் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த வித்தாலே பிரமானி என்ற இத்தாலியர்தான் 1937இல் ரப்பர் அடிப்பாகத்தைக் கொண்டுவந்தார். அவர் பெயரின் முதல் எழுத்துகள்தான் இன்று பல கிளைம்பிங் ஷூக்களின் அடியில் மஞ்சள் முத்திரையாக இருக்கும் விப்ரம்.

வீக்கம் வடிந்து, மெட்டியும் ஒட்டிக் கைக்கு வந்த பிறகு, ஒரு வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கடைக்குப் போனேன். வேண்டுமென்றே அலுவலகத்திலிருந்து நடந்து போனேன். மழை பெய்து ஓய்ந்து புழுங்கிய நாள். போய்ச் சேரும்போது கால் நன்றாக உப்பியிருந்தது. நகத்தை வெட்டியிருந்தேன், மெட்டியைக் கழற்றிப் பழைய கண்மை டப்பாவில் போட்டிருந்தேன். காலுறை போடவில்லை. கடையில் நின்ற சீனப் பெண்ணிடம், எனக்கு அகலமான கால், இரண்டாம் விரல் நீளம், ஆறு மாதமாகத்தான் ஏறுகிறேன் என்று மூன்றையும் சொன்னேன். என் காலைப் பற்றி அந்நியர் ஒருவரிடம் நானாக வாய்திறந்தது அதுதான் முதல் தடவை. அவர் காலைப் பார்த்துவிட்டு நேரே ஆண்கள் அலமாரிக்குப் போனார். பெண்களுக்கானது என்று விற்கும் ஷூ பெரும்பாலும் அகலமும் உள்கொள்ளளவும் குறைந்த அச்சு, ஆண்களுக்கானது என்பது அவை அதிகமான அச்சு, பெட்டிமேல் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டாம் என்றார். இதை முதல் தடவையே யாராவது சொல்லியிருந்தால் என் நகம் பிழைத்திருக்கும். மெலிந்த காலுடைய ஆண்களுக்கும் இதே விஷயம் மறுபக்கமாகப் பொருந்தும்.

நாலு ஜோடி போட்டுப் பார்த்தேன். லா ஸ்போர்ட்டிவா, ஸ்கார்ப்பா, ஈவால்வ், பிளாக் டயமண்ட். நாலிலும் எனக்குச் சரியாக வந்த எண் வெவ்வேறு. ஒன்றில் முன்பக்கம் அருமையாக அமைந்தது, ஆனால் குதிகாலில் காற்று. பெருவிரலில் நின்று எக்கினால் பின்னால் பைபோல் மடங்கியது. இன்னொன்றில் குதிகால் கச்சிதம், சுண்டுவிரல் பக்கம் அழுத்தம். கடைசியாக எடுத்தது தட்டையான அடி, ஒட்டுப்பட்டை இரண்டு. விரல்கள் எல்லாம் முனையைத் தொட்டன, லேசாக வளைந்தன, ஆனால் கணு மேலே முட்டவில்லை. கடையில் சுவரோடு ஒரு சின்னக் கால்பிடி பொருத்தியிருந்தார்கள். அதில் பெருவிரல் விளிம்பால் ஏறி நின்றேன். உள்ளே கால் திரும்பவில்லை. பிறகு கழற்றாமல் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது, ஒரு கை நம் கையை நன்றாகப் பற்றிக்கொண்டிருக்கிற மாதிரி. 139 வெள்ளி. எது என்று பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் அதையே போய் வாங்கிவிடுவீர்கள், உங்கள் கால் என் கால் இல்லை.

தட்டையான, சற்றுத் தடித்த ரப்பருள்ள ஷூ தொடக்கக்காரருக்கு ஏன் நல்லது என்பதற்கு இன்னொரு காரணமும் ஏற ஏறத் தெரிந்தது. நாம் காலை நேராகப் பிடியில் வைப்பதில்லை. சுவரில் உரசி உரசி, தேடித் தேடி வைக்கிறோம். ஒவ்வொரு உரசலுக்கும் முனை ரப்பர் தேய்கிறது. தொடக்கநிலை ஷூக்களில் நாலு முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை ரப்பர் இருக்கும், அது நம் தடுமாற்றத்தைக் கொஞ்ச காலம் தாங்கும். விலை கூடிய மெல்லிய ஷூவை அந்தக் காலத்தில் போட்டால் காசுதான் சுவரில் தேயும். இந்த ஊரில் பராமரிப்பும் தனி வேலை. ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்குமேல் இருக்கிற இடம் இது. வேர்வையோடு பையில் போட்டு மூடினால் மறுநாள் அந்தப் பையைத் திறக்க முடியாது. நான் பையின் வெளியே தொங்கவிட்டு வந்து, வீட்டில் காற்றாடிக்குக் கீழே வைக்கிறேன். வெயிலில் காயவைப்பதில்லை, சூட்டில் பசை விட்டுவிடும்.

புது ஷூவோடு போன முதல் வாரத்தில் நடந்தது மட்டும் எனக்கு மறக்காது. பின்னால் சாய்ந்த சுவரில் பச்சை நிறப் பிடிகளால் ஆன ஒரு பாதை. கையால் பற்ற ஒன்றுமே இல்லாத இடம் நடுவில் வரும். கொட்டைப்பாக்கு அளவு ஒரு பிடியில் வலது கால், அதில் நம்பி எழுந்து நின்றால்தான் அடுத்ததைத் தொட முடியும். பழைய ஷூவில் எட்டு முறை விழுந்த இடம். காலை வைத்தேன். வலி வரும் என்று உடம்பு காத்திருந்தது, வரவில்லை. பிடியின் விளிம்பு பெருவிரலுக்குக் கீழே எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ரப்பர் வழியாகத் தெரிந்தது. கையை எடுத்தேன். எழுந்து நின்றேன். கொய்யாமரத்தில் வெறுங்காலால் கொம்பைத் துழாவிப் பார்த்துவிட்டு, இது தாங்கும் என்று தெரிந்த பிறகு ஏறி நிற்பேனே, அதே உணர்வு. இறங்கி வந்து மெத்தையில் மல்லாந்து படுத்துக்கொண்டேன், மேலே என்ன பிடி இருந்தது என்றுகூட நினைவில்லை.

அந்தப் பையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நகத்தைக் காட்டினேன். அவன் ஒன்றும் பேசாமல் தன் ஷூவைக் கழற்றி விரல்களைக் காட்டினான். ஒவ்வொரு கணுவிலும் காய்ப்பு. "என் முதல் ஷூவும் இப்படித்தான்கா. நாலு மாசம் யாருக்கும் தெரியாம அழுதேன். சொன்னா சிரிப்பாங்கன்னு நினைச்சேன்." பிறகு பையைத் திறந்து இன்னொரு ஜோடியை எடுத்தான். பழையது, தட்டையானது, அவன் காலுக்குத் தாராளமானது. உடம்பைச் சூடேற்ற முதல் ஒருமணி நேரம் அதைத்தான் போடுகிறானாம். கடினமான பாதைக்கு மட்டும் இறுக்கமானதை எடுப்பானாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏன் இதை என்னிடம் முதலில் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "யாரும் கேக்கலக்கா" என்றான். போன மாதம் டெய்ரி ஃபார்ம் பக்கத்துப் பழைய கருங்கல் குவாரிக்கு நாங்கள் கயிறு கட்டி ஏறப் போனபோது, முழுநாளும் அந்தத் தாராளமான ஜோடியைத்தான் போட்டிருந்தான்.

அம்மாவுக்கு மெட்டி விஷயத்தைச் சொல்லத்தான் பயமாக இருந்தது. வீடியோவில் அழைத்துச் சொன்னபோது, ஏறும்போதெல்லாம் கழற்றிவிடுவாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "வெள்ளிதானே, கருத்துப் போகாம துடைச்சு வை. காலைக் காட்டு" என்றார். கைபேசியைத் தரையில் சாய்த்துக் காலைக் காட்டினேன். நகம் மறுபடி வளருமா என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் பேசி முடிக்கும்போது நகத்தைக் காட்டச் சொல்வார்.

இதை எழுதத் தொடங்கிய அன்று நெல்லளவு இருந்த கறுப்பு, இரண்டு வாரத்தில் நகநுனிக்கு வந்துவிட்டது. நேற்று இரவு தமிழ் முரசை விரித்துப் போட்டு அதை வெட்டி எடுத்தேன். பிறகு ஷூவை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வலது முனையில் ரப்பர் மெலிந்து, அடியில் இருக்கும் ஓரப்பட்டையின் கோடு தெரியத் தொடங்கியிருக்கிறது. அது ஓட்டை விழுவதற்குள் கொடுத்தால் புது அடி ஒட்டித் தருவார்கள். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். திரும்பிவரும் வரைக்கும் வாடகை ஷூதான்.